இதோ வரேன் என்று சொல்லக்கூடாது

எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் பேய்ப்படம் என்றுதான் பெயர். ரத்தம் வந்தால் பேய்ப்படம். இருட்டில் கதவு கிறீச்சிட்டால் பேய்ப்படம். பாட்டே இல்லாமல் வெள்ளைக்காரப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினால் அதுவும் பேய்ப்படம். மாமாவால் மட்டும் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

மாமா அம்மாவின் தம்பி. காசிமேட்டிலிருந்து போகிற ஒரு லாஞ்சில் வலை இழுக்கிற வேலை. விசைப்படகு என்று பேப்பரில்தான் எழுதுவார்கள், எங்களுக்கு அது லாஞ்சு. கடலுக்குப் போனால் பத்து நாளைக்கு ஆள் இல்லை. வந்தால் தூக்கம், சோறு, படம். "பேய் இல்லக்கா, ஆளு. முகமூடி போட்ட ஆளு. பேய்க்குக் காரணம் வேணாம், ஆளுக்குக் காரணம் கீது. அதுகூடத் தெரியாம பேசிகினு கீற" என்று அம்மாவோடு பெரிய படிப்பாளி மாதிரி சண்டை போடுவார். அம்மா அசரமாட்டாள். "எல்லாம் ஒரே கலீஜுதான். டிவிய நிறுத்திட்டுப் போய்க் குளி" என்பாள்.

எனக்கு அப்போது ஏழு வயசு. மாமாவின் ஒரே சிஷ்யை நான்தான்.

சித்திரை, வைகாசியில் மீன் முட்டை போடுகிற காலம் என்று லாஞ்சுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். தடைக்காலம். எனக்குப் பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் என்பதால், கவர்மெண்டு எங்கள் வீட்டைக் கேட்டுத்தான் தேதி போடுகிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்க அந்த இரண்டு மாதமும் ஆம்பிளைகள். கேரம் போர்டு, வலை பழுது பார்ப்பது, காரணமில்லாத சண்டை. மாமா மட்டும் மத்தியானச் சோறு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவார். மணலிப் பக்கத்துக் கம்பெனி நாற்றமும் வெயிலும் அதோடு நின்றுவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வெயில் நிற்கும், நாற்றம் நிற்காது. பென் டிரைவை டிவியில் குத்திவிட்டு, "வாடி ரூல்ஸு, குந்து" என்பார். என் பேரே அவருக்கு ரூல்ஸு.

நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த இங்கிலீஷ் படத்தில் மலைமேல் மூடிக்கிடக்கிற ஒரு ஓட்டலுக்குக் காலேஜ் பசங்கள் தங்கப் போவார்கள். வெல்டிங் முகமூடி போட்ட ஒருவன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். என் அப்பா கண்டெய்னர் பழுது பார்க்கிற யார்டில் வெல்டர். அதே மாதிரி ஒரு முகமூடி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை முதல் தடவை பார்த்த அன்றைக்கு, அப்பா முந்தின நாள் நைட் டூட்டிக்கு நிஜமாகவே போனாரா என்று அம்மாவிடம் விசாரித்தேன். அம்மா என்னை அடிக்காமல் மாமாவை அடித்தாள்.

அந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. சாகப்போகிறவர்கள் எல்லோருமே இந்த மாதிரிப் படங்கள் நிறையப் பார்த்தவர்கள். "இந்த மாதிரி படத்துல இப்ப யாரு சாவா சொல்லு" என்று தங்களுக்குள் பந்தயம் கட்டுவார்கள். தனியாகப் போகாதே, மாடிக்கு ஓடாதே, டார்ச் லைட்டை நம்பாதே என்று ஒருத்தருக்கொருத்தர் புத்தி சொல்வார்கள். சொல்லிக்கொண்டே ஒருத்தன் தனியாக மாடிக்குப் போவான். தமிழில் பேசவைத்தவர்கள் குறும்புக்காரர்கள் போலிருக்கிறது, அந்தப் பசங்கள் நம்ம ஊர் பாஷையில் "மச்சி, பேஜாரு பண்ணாத" என்பார்கள், கொலைகாரன் மட்டும் செய்தி வாசிப்பவர் மாதிரி சுத்தத் தமிழில் போனில் பேசுவான். எனக்கு அவன் பேச ஆரம்பித்தாலே சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடிப்பதற்குள் கத்தி வந்துவிடும்.

"தெரியாதவன் மாட்டிகினா அது இன்னா படம்? இவனுங்க எல்லாந் தெரிஞ்சவனுங்க. தெரிஞ்சுகினே போறான் பாரு, அதான் மஜா" என்பார் மாமா. எனக்கும் அது மஜாவாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் மக்கு. இங்கே எனக்கு எல்லாம் தெரியும். யார் முதலில் போவான், யார் கடைசிவரை தாக்குப்பிடிப்பாள், நல்லவன் மாதிரி சிரிக்கிறவன் மேல் எப்போது சந்தேகப்பட வேண்டும், எல்லாம் அத்துப்படி. போர்வைக்குள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்குவேன், அதே வாயால் "அவன் காலி மாமா" என்று தீர்ப்பும் சொல்வேன்.

ரூல்களிலேயே பெரிய ரூல் ஒன்று இருந்தது. "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன் வரமாட்டான். படத்தில் ஒருத்தன் தண்ணீர் எடுக்கப் போகும்போது அதைச் சொல்வான். மற்றவர்கள் "அதை மட்டும் சொல்லாதடா" என்று அலறுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவான். அவ்வளவுதான்.

மாமா இதை வீட்டு விளையாட்டாக்கிவிட்டார். யாராவது "இதோ வரேன்" என்றால் போதும், நாங்கள் இரண்டு பேரும் "டிங்... டிங்..." என்று அந்தப் படத்து மியூசிக்கைப் போடுவோம். நம் வீடுகளில் அதைச் சொல்லாமல் யார் வாசல்படி தாண்டுகிறார்கள்? தண்ணீர் லாரி வந்தால் அம்மா குடத்தோடு "இதோ வந்துட்டேன்" என்று ஓடுவாள், அம்மா காலி. அப்பா யார்டுக்குக் கிளம்பும்போது "வரேன்" என்பார், அப்பாவும் காலி. எதிர்வீட்டு மீன்காரம்மா, பால் பாக்கெட் போடுகிறவர், கேஸ் சிலிண்டர்காரர் என்று சாயங்காலத்துக்குள் தெருவே பிணக்காடாகிவிடும். அத்தை, அதாவது மாமாவின் பெண்டாட்டி, அப்போது மாசமாக இருந்தாள். அவள் மட்டும் இந்த விளையாட்டுக்குச் சிரிக்கமாட்டாள். அவளுக்குத் தமாஷே புரியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற வேலை எனக்கு வராது.

அந்தத் தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் லாஞ்சில் ஒருவர் காணாமல் போயிருந்தார். மாமாவின் தோஸ்து. சின்ன வயசிலிருந்து ஒன்றாகவே கடலுக்குப் போனவர்கள். அன்றைக்கு வலையை ஏற்றிக் கொட்டிவிட்டு எல்லோரும் மீன் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர் எழுந்து, "கைய கழுவிகினு இதோ வரேன் மாமு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போயிருக்கிறார். காற்றில்லை, பெரிய அலையில்லை, விழுந்த சத்தம்கூட இல்லை. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இன்னாடா, கைய கழுவுறியா, குளிக்கிறியா" என்று கிண்டல் பண்ணியிருக்கிறார். பதில் வரவில்லை என்ற பிறகுதான் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். எத்தனையோ லாஞ்சுகள் சேர்ந்து தேடியும் உடம்பு கிடைக்கவில்லை.

இதெல்லாம் நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வயசில் எனக்குச் சொல்லப்பட்டது, மாமாவின் அந்தத் தோஸ்து வெளியூர் போயிருக்கிறார் என்பதுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாமா எங்கேயோ போய் அந்தப் பென் டிரைவில் படங்கள் ஏற்றிக்கொண்டு வந்தாராம். அதற்கு முன்பும் படம் பார்ப்பவர்தான், இப்படிப் பார்த்ததில்லை. ஓட்டல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறானே, அந்த இடத்தை மட்டும் பின்னால் ஓட்டி ஓட்டிப் போடுவார். "சொல்லாதடா கய்தே, சொல்லாத" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். நானும் கூடவே கத்துவேன். படத்தில் இருக்கிறவனைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், கேட்காவிட்டால் திட்டலாம், திரும்பப் போட்டு மறுபடியும் கத்தலாம். எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ராத்திரி மாமா தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார் என்று அத்தை சொன்னாள். அம்மாவுக்கும் அது தெரியும். அப்பாவுக்கும் தெரியும். கடலுக்குப் போகிற வீட்டில் பயம் என்ற பேச்சை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைப்பு. பிள்ளை பிறக்கப் போகிறது, தடை முடிந்ததும் போய்த்தானே ஆக வேண்டும் என்று எல்லோரும் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தடை முடிந்தது. லாஞ்சுகளுக்கு ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, தேங்காய் உடைத்தாகிவிட்டது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா அவர் நெற்றியில் குங்குமம் வைத்தாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் இதே மாதிரி ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமா வாயைத் திறந்தார்.

நான் ஓடிப்போய் அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, வரேன்னு சொல்லாத! சொன்னா நீ காலி!"

விளையாட்டு இல்லை, மெய்யாகவே பயந்துபோய்ச் சொன்னேன். இவ்வளவு நாள் யார் யாரையோ சாகடித்துச் சிரித்தவளுக்கு, மாமா பத்து நாள் போகிறார் என்றதும் ரூல் நிஜமாகிவிட்டது. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "சரி. போறேன்" என்றார்.

அய்யோ, அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா போட்ட கூச்சல்! எங்கள் பக்கம் மட்டுமா, எந்தத் தமிழ் வீட்டிலும் வாசலில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்களே. அதிலும் கடலுக்குப் போகிறவர். "அடப்பாவி, இன்னா வார்த்த சொல்லிட்ட! வாயக் கழுவுடா! உள்ள வா, குந்து, தண்ணி குட்சிட்டு மறுபடி கெளம்பு!" அத்தை அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவளுக்கு விசிறினார்கள். யாரோ என் முதுகில் ஒன்று வைத்தார்கள்.

சகுனம் கெட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். மாமா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். அம்மா சொம்பை நீட்டினாள். குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டார். அதையும் குடித்தார். அப்புறம் டீ இருக்கிறதா என்றார். டீ வந்தது. கட்டெறும்பு ஊர்கிற வேகத்தில் அந்த டீயைக் குடித்தார். போன் அடித்தது. லாஞ்சு டிரைவர். மாமா எடுக்கவில்லை. அப்பா, "ரோட்ல கண்டெய்னர் லாரி வரிசகட்டி நிக்குது, இப்ப கெளம்புனாத்தான் போய்ச் சேருவ" என்றார். மாமா தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை. போன் மறுபடி அடித்தது, மறுபடி, மறுபடி. அப்புறம் அடிக்கவில்லை.

அவர் எழுந்தபோது வெயில் இறங்கிவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். "வாடி ரூல்ஸு" என்றார். நான் முதுகைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு மாமா சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. கொலை விழும்போதெல்லாம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நீதாண்டி என்ன காப்பாத்துன" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை லாஞ்சு திரும்பி வருகிறவரைக்கும்தான். ஐஸ் பெட்டி நிறைய வஞ்சிரமும் சங்கராவுமாக வந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தெருவில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது, எங்கள் வீட்டில் ரசம். "பொண்டாட்டி முந்தானைய புட்சிகினு குந்திகினு கீறான்" என்று மாமாவின் காதுபடவே சொன்னார்கள். சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டு வேலையை விட்டவன் என்றார்கள். பழி மாமா மேல் பாதி, என் மேல் பாதி. அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஏழு வயசில் அம்மா பேசாமல் இருப்பதைவிடப் பெரிய கொலை எதுவும் இல்லை. அப்பா போய்ப் பேசி, அடுத்த நடைக்கு மாமாவை ஏற்றிக்கொள்ள டிரைவரைச் சம்மதிக்கவைத்தார். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டாராம்.

கிளம்புகிற நாள் காலையில் அம்மா என்னை எதிரில் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள். "மாமா கெளம்பும்போது இன்னா சொல்லணும்?"

"போய்ட்டு வா மாமா."

"சிரிச்சிகினே சொல்லணும். வேற எதுனா வாய்ல வந்துச்சு, தோல உரிச்சிடுவேன்." கொஞ்சம் பொறுத்து, என் தலையைத் தடவி, "ஒயுங்கா சொன்னா சாய்ந்தரம் அத்தோ வாங்கித் தரேன்" என்றாள். பர்மாக்காரர்கள் தள்ளுவண்டியில் கலந்து தருகிற அத்தோ நூடுல்ஸுக்கு நான் எதையும் செய்வேன் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

மாமா திரும்பி வந்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் படம் பார்க்கிறவர்கள்தானே, இந்த இடத்தில் வேறு என்னென்னவோ எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் பை நிறைய மீனோடு வந்தார், குளித்தார், சாப்பிட்டார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "அப்பால பாக்கலாம்" என்றார். அந்த அப்பால வரவே இல்லை. அடுத்த நடைக்குக் கிளம்பும்போது குடித்திருந்தார். அதற்கடுத்த நடைக்கும். குடிக்காமல் அவரால் லாஞ்சில் கால் வைக்க முடியாமல் போயிற்று. இன்று வரைக்கும் கடலுக்குப் போகிறார், இன்று வரைக்கும் வருகிறார். கை நடுங்குவதால் வலைப்பக்கம் விடாமல் சமையல் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் பசங்கள் போனில் அந்த மாதிரிப் படம் போட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். என்னைக் கண்டால் "நல்லா கீறியாம்மா" என்று கேட்பார். ரூல்ஸு என்று கூப்பிடுவதில்லை.

நான் மாதவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் இந்த மாதிரிப் படம் வந்தால் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே மாட்டிக்கொள்வதைப் பார்த்து தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்கு இன்னும் அந்தப் படங்கள் பிடிக்கும், அதை மறைப்பானேன்? ஆனால் ஒருத்தன் எழுந்து கதவுப்பக்கம் போகும்போது மட்டும் மாமாவின் முகம்தான் வரும். டிவி வெளிச்சத்தில் பார்த்த முகம் இல்லை. அந்த இரண்டாவது தடவை வாசலில் பார்த்த முகம்.

அன்றைக்குத் தெருவே திரண்டு நின்றது. போன தடவை நடந்த கூத்து இந்தத் தடவையும் நடக்குமா என்று பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர். அம்மா குங்குமம் வைத்தாள். அப்பா பையைத் தூக்கிக் கொடுத்தார். அத்தை பக்கத்திலேயே நின்றாள். லாஞ்சில் கூடப் போகிற ஆட்கள் இரண்டு பேர் ஆட்டோவோடு காத்திருந்தார்கள். மாமா பையைக் கீழே வைத்தார். நேராக என்னிடம் வந்து, என் உயரத்துக்குக் குந்தினார். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"ரூல்ஸு, நீ சொல்லு. போலாமா, வேணாமா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "கேளு கேளு, டாக்டரம்மாவக் கேட்டுக்கோ" என்றது ஒரு குரல். மாமாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புருவத்தைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற குரலில், சிரித்துக்கொண்டே, கத்திச் சொன்னேன்: "போய்ட்டு வா மாமா!"

தெரு கை தட்டியது. அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். மாமா இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தார். அப்புறம் முட்டியில் கையை ஊன்றி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "போய்ட்டு வரேன்" என்றார்.

அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ திரும்புகிறவரை நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அக்கா, பெண்டாட்டி, மச்சான், கூட்டாளிகள் என்று அத்தனை பெரியவர்கள் நிற்கும்போது மாமா ஏன் என்னிடம் வந்து கேட்டார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்வேன் என்று நம்பியிருக்கிறார்.